தலைப்பாகையோடு போய்விடவில்லை!

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!"

மருத்துவமனை வாயிலில் நின்ற உற்றார் இப்படித்தான் சொன்னார்கள். உடன் வேலை பார்த்த தோழர்களும் இப்படித்தான் சொன்னார்கள். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், பதினோரு நாள் கண் திறவாது கிடந்தவர், எழுந்து உட்கார்ந்துவிட்டார்; மனைவியைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார்; கஞ்சி குடித்துவிட்டார். தையல் பிரித்தார்கள். கட்டு அவிழ்த்தார்கள். கையில் ஒரு சீட்டையும் மாத்திரைப் பொட்டலத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் மகிழ்ந்தது. ஆபத்து தீர்ந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டனர்.

ஆறு மாதம் கழித்து அதே வீட்டு வாசலில் நின்று பாருங்கள்.

அந்தக் கொத்தனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் ஊனம் எதுவும் தெரியவில்லை. கையும் காலும் அசைகின்றன. ஆனால், தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நிமிர்த்திய அந்த மனிதருக்கு, கலவைக்கு எத்தனை சட்டி மணல் போட்டோம் என்ற எண்ணிக்கை நிற்கவில்லை. காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது. சித்தாளிடம்கூட ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், சோறு ஆறிப்போயிற்று என்பதற்காகத் தட்டை வீசுகிறார். வீசிவிட்டு, ஏன் வீசினோம் என்று தெரியாமல் அழுகிறார். மேஸ்திரி இரண்டு நாள் வேலை கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "அண்ணே, நீங்க கொஞ்ச நாள் வீட்டுலயே இருங்க" என்று சொல்லிவிட்டார்.

"சோம்பேறியாகிவிட்டான்" என்கிறது தெரு. "குடிக்கிறான் போலிருக்கிறது" என்கிறது எதிர்வீடு. "காத்துக் கருப்பு அடித்திருக்கும்" என்கிறார் ஒரு பாட்டி. அவர் மனைவியோ, "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வரலைங்க, வேற யாரோ வந்திருக்காரு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். அவர் ஒருவரல்லர். கட்டடம் எழும்பும் ஊரிலெல்லாம் இருக்கிறார். சாலை ஓடும் ஊரிலெல்லாம் இருக்கிறார். நம் கிளைக்கழகம் இருக்கும் தெருவிலேயே இருக்கிறார். நமக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை. அந்த அடையாளத்தைத் தோழர்களுக்குக் காட்டவே இன்று எழுதுகிறோம்.

உள்காயம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்தச் சிரசுக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

மண்டை ஓடு கல்போன்றது. அதனுள் இருக்கும் மூளையோ தயிர்க்கட்டி போல் மெதுவானது. ஓடும் வண்டி சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர் முன்னும் பின்னும் எற்றப்படுகிறாரல்லவா? அதுபோல, தலை தரையில் மோதி நிற்கும் நொடியில் உள்ளிருக்கும் மூளை ஓட்டின் உட்புறத்தில் மோதுகிறது, முறுக்கப்படுகிறது, அதனுள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இரத்தம் கட்டினால் சி.டி. ஸ்கேன் படம் காட்டிவிடும். இழைகள் அறுந்ததைப் பல வேளைகளில் அந்தப் படமும் காட்டுவதில்லை. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, "பின் ஏன் நடிக்கிறாய்?" என்று நோயாளியைக் கேட்பவர்கள் இந்த உண்மையை அறியாதவர்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, திட்டமிடவும் பொறுத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுக்கும் பகுதி. அது அடிபட்டால் அறிவு இருக்கும், அடக்கம் இருக்காது. ஆசை இருக்கும், தொடங்கும் முனைப்பு இருக்காது. பொட்டுப் பக்கம் அடிபட்டால் நினைவு தடுமாறும். இடது பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு குழறும். சொல்ல வேண்டியது மனத்தில் நிற்கும், வாய்க்கு வராது. பல மாதங்கள் கழித்தும் வலிப்பு வரக்கூடும். தலையில் அடிபட்ட பலருக்குச் சிறு வேலைக்கே பெருங்களைப்பு வருகிறது. ஓய்வெடுத்தாலும் அது எளிதில் தீர்வதில்லை.

இதிலே சோம்பல் எங்கே? திமிர் எங்கே? பேய் எங்கே? இவையெல்லாம் காயத்தின் குணங்கள். கால் முறிந்தவனை "ஏன் ஓடவில்லை?" என்று நாம் கேட்பதில்லை. மூளை காயப்பட்டவனை மட்டும் "ஏன் மறந்தாய்? ஏன் கோபித்தாய்?" என்று கேட்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

கடப்பாரையின் கதை

இந்த உண்மையை உலகுக்கு முதன்முதல் உரக்கச் சொன்னவர் பேரறிஞர் ஒருவரல்லர், ஒரு தொழிலாளிதான். அவர் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காவெண்டிஷ் என்ற ஊரருகே இருப்புப்பாதை போடப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் தலைவர் பினியாஸ் கேஜ், வயது 25. பாறைத்துளையில் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடித்து நிரப்பும்போது பொறி பட்டு மருந்து வெடித்தது. மூன்றடி ஏழங்குல நீளமும் பதின்மூன்று பவுண்டுக்கு மேல் எடையும் கொண்ட அந்தக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் புகுந்து, மண்டை உச்சியைப் பிளந்து வெளியே போய் விழுந்தது. சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊருக்குள் வந்தார். டாக்டர் ஹார்லோ என்பவரின் வைத்தியத்தில் உயிர் பிழைத்தார்.

அங்கும் "தலைப்பாகையோடு போயிற்று" என்றுதான் மகிழ்ந்திருப்பார்கள். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். விபத்துக்கு முன் அவரைத் திறமையில் சிறந்தவர் என்று போற்றிய ஒப்பந்தக்காரர்கள், குணம் மாறிவிட்டது, சொன்னது நிற்கவில்லை என்று சொல்லி மீண்டும் அந்த வேலையைத் தர மறுத்துவிட்டார்கள். டாக்டர் ஹார்லோ 1868-இல் எழுதிவைத்த செய்தி இது. பாறையைப் பிளக்க அவர் வேண்டும். மண்டை பிளந்த பிறகு அவர் வேண்டாம்! முதலாளித்துவத்தின் நன்றியுணர்ச்சி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே அப்படித்தான் இருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் குதிரைவண்டி ஓட்டினார். பல குதிரைகளைப் பூட்டி, பயணிகளை ஏற்றி, நேரம் தவறாது ஓட்ட வேண்டிய வேலை அது. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரை ஓரளவு மீட்டெடுத்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 1860-இல் வலிப்பு கண்டு இறந்தார்.

இந்த ஒரு வாழ்க்கையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. உயிர் பிழைப்பது வேறு, வாழ்வு பிழைப்பது வேறு என்பது முதற் பாடம். கைவிட்டால் கெடுகிறவன், தக்க வேலையும் ஒழுங்கும் ஆதரவும் கிடைத்தால் தேறுகிறான் என்பது இரண்டாம் பாடம். நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கொத்தனாருக்கும் இவை இரண்டும் பொருந்தும்.

விழுகிறவர் யார்?

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாது மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 சாவுகள்.

செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. காயமடைந்தவர்கள் 4,43,366 பேர் என்றும் அதே கணக்கு சொல்கிறது. அவர்களில் மூளை காயப்பட்டு வாழ்நாளெல்லாம் அதைச் சுமப்பவர் எத்தனை பேர்? அந்தக் கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை. "கொடுங்காயம், சிறுகாயம்" என்று இரண்டே வகைதான். தலை உடைந்தாலும் கொடுங்காயம், தொடை உடைந்தாலும் கொடுங்காயம். எண்ணப்படாதவனுக்கு எந்தத் திட்டத்தில் பங்கு கிடைக்கும்?

இவர்களெல்லாம் யார்? விடியுமுன் பால் எடுத்துச் செல்பவர். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளி. பத்து நிமிடத்தில் சோறு கொண்டுவரவில்லையென்றால் சம்பளம் குறையுமே என்று பறக்கும் இளைஞர். கயிறும் வலையும் இல்லாத சாரத்தில் ஏறும் கொத்தனார். லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து செல்லும் பாரம் தூக்குபவர். இவர்களைத்தான் சாலையும் சாரமும் அதிகம் கேட்கின்றன.

அடி எல்லோருக்கும் விழும், அரண்மனையையும் விடாது என்பார்கள். உண்மைதான். ஜோத்பூர் அரச குடும்பத்து வாரிசு 2005-இல் போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் கடுங்காயமடைந்தார். அந்தத் துன்பத்தைக் கண்ட தந்தை 2007-இல் தலைக்காயமுற்றோருக்காக ஓர் அறநிறுவனம் ஏற்படுத்தினார். நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடி விழுவதில் அரண்மனைக்கும் குடிசைக்கும் பேதமில்லை. அடிக்குப் பின்னால்தான் பேதமெல்லாம். அரண்மனையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி தர ஆட்கள் இருப்பார்கள். குடிசையில் மனைவி ஒருத்திதான் இருப்பாள். அவளும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும்.

கட்டை விரலுக்கு விலை உண்டு

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1923-ஆம் ஆண்டு வெள்ளையர் காலத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதிலே ஓர் அட்டவணை. கட்டை விரல் போனால் வேலைத்திறனில் 30 விழுக்காடு இழப்பு. இன்ன விரல் போனால் இத்தனை, கை போனால் இத்தனை, முழுச் செவிடானால் நூறு. கசாப்புக் கடை விலைப்பட்டியல் போல் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனாலும் அந்தப் பட்டியலால் விரல் இழந்த தொழிலாளிக்கு ஒரு பிடி கிடைத்தது. "இதோ விரல் இல்லை, இதோ சட்டம்" என்று அவன் கேட்க முடிந்தது. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. காயங்களை அட்டவணை போட்டு அளக்கும் முறை தொடர்கிறது.

நினைவு போனவன் எதைக் காட்டுவான்? நிதானம் போனவன் எதை நீட்டுவான்? பட்டியலில் இல்லாத காயத்துக்கு, வேலைத்திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தரவேண்டும். அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே நம் கொத்தனாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மறந்திருப்பார். மறதிதானே அவர் நோய்!

2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. ஏழு இனங்களாக இருந்த பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. வரவேற்கத்தக்க சட்டம். பார்க்கின்சன் நோய்க்கு அதில் பெயருண்டு. தண்டுவட மரப்பு நோய்க்குப் பெயருண்டு. அமில வீச்சுக்கு ஆளானோருக்குப் பெயருண்டு. விபத்தில் மூளை காயமுற்றவர் என்ற பெயர் மட்டும் இல்லை. கால் முடங்கியிருந்தால் அந்த இனத்தில் சேர்ப்பார்கள். பேச்சு போயிருந்தால் அந்த இனத்தில் சேர்ப்பார்கள். நினைவும் நிதானமும் மட்டும் போனவரை எங்கே சேர்ப்பது? மனநோய் என்ற பெட்டிக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெயருக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் மனுவே போடுவதில்லை.

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பாருங்கள். பணியிலிருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது. அருமை! ஆனால் யாருக்கு? சர்க்கார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவருக்கு. சாரத்தில் ஏறியவருக்கு இல்லை. சோற்றுப் பொட்டலம் சுமந்தவருக்கு இல்லை. 1848-இல் கேஜுக்கு ஒப்பந்தக்காரர் சொன்ன பதிலைத்தான் இன்றும் மேஸ்திரி சொல்கிறார். மேஸ்திரியைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் கூலிக்காரர்தான். சட்டமல்லவா பேசியிருக்க வேண்டும்!

ஆறு மாதக் கெடு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈடு கோரி மனுப்போட ஆறு மாதக் கெடு வைத்தது 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

கால் முறிந்தவருக்கு அன்றே தெரியும் கால் முறிந்தது என்று. மூளை காயப்பட்டவரின் இழப்போ மெல்ல மெல்லத்தான் வெளிப்படுகிறது. முதல் மாதம் "பிழைத்தாரே" என்ற மகிழ்ச்சி. இரண்டாம் மாதம் "பலவீனம், போகப் போகச் சரியாகும்" என்ற நம்பிக்கை. நாலாம் மாதம் வேலைக்குப் போய்த் தோற்றுத் திரும்புதல். ஆறாம் மாதம்தான் குடும்பத்துக்கே உண்மை புலப்படுகிறது. கதவு சாத்தும் நேரத்தில் கண் திறக்கிறது! இந்தக் கெடு வழக்குமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. கெடு நின்றாலும் சரி, போனாலும் சரி, தலையில் அடிபட்டவர் குடும்பம் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது என்பதைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கூலியில்லா உழைப்பு

நம் கொத்தனாரின் மனைவியை மறந்துவிட்டோமா?

அவர் விடியலில் எழுகிறார். கணவரைப் பல் துலக்கச் செய்கிறார். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். அடுப்பை அணைத்தாரா, தெருவில் இறங்கிவிட்டாரா என்று நொடிக்கு நொடி பார்க்கிறார். இரவில் வலிப்பு வந்துவிடுமோ என்று விழித்திருக்கிறார். கடமை, கற்பு, பாசம் என்று நல்ல பெயர்களைச் சூட்டி இந்த உழைப்புக்குக் கூலி இல்லாமல் செய்துவிட்டோம். உழைப்புக்கு ஊதியம் என்று மேடையில் முழங்கும் நாமே இதை உழைப்பாக எண்ணினோமா?

2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. விபத்தில் மூளை காயமுற்று, குழந்தைநிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கு. வாழ்நாள் முழுதும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதை உணர்ந்து, இரண்டு உதவியாளர்களின் கூலியைக் கணக்கிட்டுச் சேர்த்து, 62 இலட்சம் ரூபாய்க்கு மேல் வழங்கியது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான், அதற்கும் கூலியுண்டு என்பது நாட்டின் உயர்ந்த மன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. விபத்து நடந்தது 2007-இல்; முடிவான தீர்ப்பு வந்தது 2020-இல். பதின்மூன்று ஆண்டுகள்! அத்தனை காலம் காத்திருக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? சாரத்திலிருந்து விழுந்தவருக்கோ, மோதிய வண்டியும் இல்லை, வழக்குப் போட இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இல்லை.

பெயர் வாங்கித் தந்தவர்கள்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர் உண்டு. நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு தாயின் மகள் கார் விபத்தில் மூளை காயமுற்றாள். எந்தப் பட்டியலிலும் மகளுக்கு இடமில்லை என்று கண்ட தாய் மனம் சோரவில்லை. தம்மைப் போன்ற குடும்பங்களைத் திரட்டி 1980-இல் ஒரு சங்கம் கண்டார். பத்தே ஆண்டில், 1990-இல், அந்நாட்டின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் மூளைக்காயம் தனி இனமாகப் பெயர் பெற்றது. 1996-இல் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. பிரிட்டனிலும் 1979-இல் ஹெட்வே என்ற அமைப்பு எழுந்தது. சட்டம் தானாக இரங்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றுகூடியதால் இரங்கியது.

கடல் கடந்துதான் போக வேண்டுமா? நம் வேலூரைப் பாருங்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்கேதான். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார். அறுத்துக் காப்பாற்றும் கலை நம் மண்ணில் எழுபத்தைந்து ஆண்டாக வளர்ந்திருக்கிறது. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். உடல் முடங்கியோர்க்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் நிலையம் 1966-இல் அங்கே எழ அவரே காரணமானார். காப்பாற்றுவதோடு கடமை முடியவில்லை, வாழவைக்கவும் வேண்டும் என்பதை அந்தச் சக்கர நாற்காலி அன்றே சொல்லிற்று. அதை மாவட்டந்தோறும் நாம் கொண்டுபோகவில்லை என்பதே குறை.

"பணம் எங்கே?"

"சாலையைச் சீர்படுத்து, தலைக்கவசம் போடச்சொல், போதும், இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி.

தலைக்கவசம் வேண்டும்; அதில் இரண்டு கருத்தில்லை. தலைக்காயம் நேரும் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும், சாவை ஏறத்தாழ 42 விழுக்காடும் அது குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நம் தோழர்களில் எத்தனை பேர் ஊர்வலத்துக்கு வரும்போது அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். முதலில் அவர்கள் தலையில் ஏறட்டும்! ஆனால் நாளை விழப்போகிறவரைக் காப்பது, நேற்று விழுந்தவரைக் கைவிடுவதற்குச் சாக்காகிவிடாது.

பணமா? உயிரைக் காக்கப் பணம் கிடைத்ததே! 2008-இல் 108 ஊர்தி வந்தது. 2021 டிசம்பரில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர வைத்தியத்தைச் சர்க்காரே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. நல்லவை. இவற்றால் முன்பு செத்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள். அப்படியானால் நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தை யார் ஏற்பது? நாற்பத்தொன்பதாவது மாதத்தை யார் ஏற்பது? உயிர் காத்த திட்டம் வெற்றி பெறப் பெற, வாழவைக்கும் திட்டத்தின் தேவையும் வளர்கிறது. அதே 2021 ஆகஸ்டில், வீடு தேடி மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் கொண்டு செல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. வாசல்வரை சென்ற அந்தக் கால்களுக்கு, நினைவுப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தரக் கற்றுக்கொடுப்பது மலையைப் புரட்டும் வேலையா?

தேறும் வேகம் முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம். அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் தேற்றம் உண்டு. அந்த முதல் மாதங்களில் பயிற்சி கிடைத்தால் வேலைக்குத் திரும்பக்கூடியவர், அது கிடைக்காமல் திண்ணையில் முடங்குகிறார். இதுதான் உண்மையான நஷ்டம். இதை எந்த பட்ஜெட்டில் எழுதுகிறார்கள்?

நாம் கேட்பது

மூளைக்காயத்தை மாற்றுத்திறன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். புதிய இனங்களை அறிவிக்க அந்தச் சட்டமே மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் மறுவாழ்வுப் பயிற்சி வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, இனி என்னென்ன நேரலாம், எப்போது திரும்ப வரவேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை வேண்டும். தனியார் வேலையில் இருப்பவருக்கும் வேலைப் பாதுகாப்பு வேண்டும்.

கேட்பது சர்க்காரிடம். செய்வது நம்மிடமும் இருக்கிறது.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் தூங்கச் சொல்லி விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தீராத மயக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கழுத்தை அசைக்காமல் வையுங்கள். வழக்கு வருமென்று அஞ்ச வேண்டாம். உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும் 2019 திருத்தச் சட்டமும் சொல்லிவிட்டன.

வீட்டுக்கு வந்தபின் மருத்துவமனைச் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கட்டடத் தொழிலாளியானால் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மறந்த நாளையும், வந்த வலிப்பையும், போன வேலையையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதித்தரப் படித்த தோழர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். நாளை மருத்துவர் முன்பும் மன்றத்தின் முன்பும் அந்த நோட்டுதான் சாட்சி. அடிபட்ட மூளைக்குச் சாராயம் பெரும் பகை. நட்பின் பெயரால் ஊற்றிக்கொடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரமாவது அந்த அம்மா கடைக்குப் போய்வரட்டும், கண் மூடட்டும்.

அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பெரிய வேலை வேண்டாம். கிளை நூலகத்தைக் காலையில் திறந்து, மாலையில் பூட்டும் வேலை கொடுங்கள். செய்ய வேண்டியதை வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருநாள் மறப்பார், திட்டாதீர்கள். மறுநாள் நினைவுபடுத்துங்கள். மறுபடி மறப்பார், மறுபடி சொல்லுங்கள். சிலியின் சாலையில் குதிரைவண்டி ஓட்டிய அந்தத் தொழிலாளியை மீட்டதும் இப்படிப்பட்ட ஒழுங்குதான்.

தோழர்களே! அவர் கட்டிய சுவர்களுக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். நாம் சாய்ந்து உட்காரச் சுவர் எழுப்பியவர் இன்று சாய்ந்து உட்கார ஒரு தோள் கேட்கிறார். வாய்விட்டுக் கேட்க அவருக்குச் சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை மருத்துவமனை வாயிலில் "தலைப்பாகையோடு போயிற்று" என்று யாரேனும் மகிழ்ந்தால், கூடச் சேர்ந்து மகிழுங்கள். பிறகு அந்த வீட்டின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்தும் போகவேண்டிய வீடு அது.